முதலைக்கு வைத்த சந்தனம்

"டீச்சர், ஆர்க் பிடிக்க மாட்டேங்குது, நெருப்பே வரலை" என்றார் சடையப்பன்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மாலை மணி அடித்திருந்தது. வெல்டிங் பாடம் நடத்தும் அமலோற்பவம் டீச்சர் கைகழுவிக்கொண்டிருந்தார். சடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சடையப்பனுடைய மகன் குணாளன் இந்த டீச்சரிடம்தான் படித்தான். மகன் கூப்பிட்ட பெயரிலேயே அவரும் கூப்பிட்டார்.

"எந்த மெஷின்ல?" என்றார் டீச்சர்.

"குணாவோட ஆர்கான் மெஷின்ல."

டீச்சர் குழாயை மூடினார்.

குணாளன் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் பட்டறையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தான். சாயங்காலம் காய்ச்சல் என்று படுத்தான். ஐந்தாம் நாள் அவன் இல்லை.

சடையப்பன் முப்பது வருடமாக கேட்டும் கிரில்லும் செய்பவர். அவருக்குத் தெரிந்தது ராடு வெல்டிங். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தன் பழைய ராடு மெஷினை எடுத்து வேலை செய்யத் தொடங்கிவிட்டார். மகனுடைய மெஷின்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தார். போன வாரம்தான் வேட்டியை எடுத்தார்.

"என்ன வேலை?" என்று கேட்டார் டீச்சர்.

"பக்கத்துத் தெரு ஜைத்தூன் மகளுக்குக் குளிக்கிற நாற்காலி. எட்டு வயசுப் பிள்ளை. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. குணா அளவெடுத்து, குழாயெல்லாம் வெட்டி வளைச்சு, பாதி பத்தவச்சிட்டான். முதுகும் ரெண்டு காலும் பாக்கி."

"எவர்சில்வரா?"

"ஆமா. தண்ணியில கிடக்கிறது. நான் ராடுல பத்தவச்சா பொறி தெறிச்சுக் கரடு தட்டிப் போகும். பிள்ளைக்குத் தோல் கிழிஞ்சா அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது டீச்சர்."

டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்து அரைமணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்" என்றார் சடையப்பன். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அவன் கை வச்சது. என் கையால முடியணும். எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார்.

"ஊசியைக் காட்டுங்க."

அவர் கைக்குட்டையைப் பிரித்தார். கையில் பிடித்து நெருப்பு வைக்கும் டார்ச்சின் உள்ளே இருக்கும் டங்ஸ்டன் ஊசியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதன் நுனி கறுத்து உருண்டிருந்தது.

"இது ஊசியா, வேப்பங்கொட்டையா?"

"உரசினேன் டீச்சர்."

"எதுக்கு உரசினீங்க?"

"ராடை அப்படித்தானே உரசுவோம், தீக்குச்சி மாதிரி."

"இதை உரசக் கூடாது அண்ணே. தொடவே கூடாது. ஒரு அரிசி அளவு இடைவெளி விட்டுக் கிட்ட கொண்டுபோய் நிறுத்தணும். அதுவா தாண்டி வரும்."

"தொடாம எப்படிப் பத்தும்?"

"பத்தும். கை ஆடாம நிக்கணும், அவ்வளவுதான்."

டீச்சர் அவரை உள்ளே அழைத்துப்போய் சாணைக்கல்லை ஓட்டினார். ஊசியை நெடுக்காகப் பிடித்துத் தீட்டிக் காட்டினார். கோடுகளெல்லாம் நுனியை நோக்கி ஓடின.

"குறுக்கே தீட்டினா ஆர்க் எங்க போறதுன்னு தெரியாம அலையும்" என்றார்.

சடையப்பன் ஊசியை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் ஜைத்தூன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பட்டறைச் சுவரில் குணாளன் கறுப்பு மையால் எழுதிய அளவுகள் இருந்தன. நஸ்ரின் என்று பெயர் எழுதி, அதன் கீழே முதுகு, இடுப்பு, தொடை, முட்டி.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் ஜைத்தூன்.

"சொல்லும்மா."

"பிள்ளை வளருது."

சடையப்பன் டேப்பை எடுத்தார். முட்டியை அளந்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"ஒரு விரற்கடை கூடியிருக்கு" என்றார்.

"குணா தம்பி கொஞ்சம் தாராளமாத்தான் வச்சிருக்கேன்னு சொன்னுச்சு. ஆடி மாசம் வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல போனா..." அவள் நிறுத்திக்கொண்டாள். "நீங்க மெதுவா செய்யுங்கண்ணே. என் இடுப்பு ஒண்ணும் ஒடிஞ்சுறாது."

"பொய் சொல்லுது" என்றாள் நஸ்ரின். "ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்குது."

"வாயை மூடு."

"குணா அண்ணன் நாற்காலியில எனக்குக் கப் வைக்க ஒரு வளையம் வச்சுத் தர்றேன்னு சொன்னாங்க. அதை மறந்துறாதீங்க தாத்தா."

"மறக்க மாட்டேன்."

அவர்கள் போனபிறகு அவர் டார்ச்சை எடுத்தார். அரிசி அளவு இடைவெளி விட்டு நிறுத்தினார். பொத்தானை அழுத்தினார். காற்று சீறியது. நீல நூல் ஒன்று துடித்தது. அணைந்தது. மறுபடி அழுத்தினார். துடித்தது, அணைந்தது.

நான்கு மணிக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலில் நின்றார்.

"பெரியவரே, இந்த வயசுல அட்மிஷனா?" என்றார் காவலாளி.

"கடைசி பெஞ்சு காலியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுப்பா."

டீச்சர் வந்தார்.

"பொறி வருது டீச்சர். நிக்க மாட்டேங்குது."

"பட்டறையில ஃபேன் ஓடுதா?"

"சித்திரை வெயில், ஃபேன் இல்லாம எப்படி?"

"ஆர்கான் காத்து ஊசியைச் சுத்தி ஒரு போர்வை மாதிரி நிக்கணும். நீங்க ஃபேனைப் போட்டு அந்தப் போர்வையை உருவி விடுறீங்க. நிறுத்துங்க. கதவைச் சாத்துங்க. டார்ச்சுக்கு வர்ற குழாயில எங்கயாவது ஒழுகுதான்னு சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. பொத்தானை அழுத்தினதும் அவசரப்படாதீங்க. காத்து முதல்ல வரட்டும்."

அவர் போய் ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு மூட்டில் குமிழ் விட்டது. அதை இறுக்கினார். வியர்வை கண்ணில் இறங்க, பொத்தானை அழுத்திக் காத்திருந்தார். நீல நூல் துடித்தது. அணைந்தது.

மூன்றாம் நாளும் வந்தார்.

"டீச்சர், உங்க ஸ்டூடன்ட் வந்துட்டார். லேட்டு. முட்டி போடச் சொல்லுங்க" என்றார் காவலாளி.

டீச்சர் சிரிக்கவில்லை. சடையப்பனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் காவலாளியும் உள்ளே போய்விட்டார்.

இருவரும் சைக்கிள் கொட்டகையின் ஓரமாக நின்றார்கள்.

"என்னென்ன பார்த்தீங்க? வரிசையா சொல்லுங்க."

"ஊசி புதுசு. நெடுக்கத்தான் தீட்டினேன். டார்ச் முனையில இருக்கிற கப்பைக் கழுவிட்டேன். காத்து சரியா வருது. ஒழுகலை. ஃபேன் இல்லை. குழாய் முனையைப் பளபளன்னு தேய்ச்சாச்சு. ஆம்பியர் கூட்டிப் பார்த்தேன், குறைச்சுப் பார்த்தேன். டார்ச் ஒயர் இறுக்கமா இருக்கு."

"வேற?"

"எல்லாம் பார்த்துட்டேன்."

"எர்த்?"

சடையப்பன் சைக்கிள்களைப் பார்த்தார்.

"மாட்டியிருக்கு."

"மாட்டியிருக்கா, பிடிச்சிருக்கா?"

அவர் ஒரு சைக்கிளின் பெடலைக் காலால் சுற்றிவிட்டார்.

முப்பது வருடம் வெல்டிங் செய்தவர். நெருப்பு வரவில்லை என்றால் கண் முதலில் எர்த் ஒயரின் நுனியில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புக்குத்தான் போகும். இது டீச்சருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"குணா முதல் வருஷம் படிக்கும்போது என்கிட்ட ஒண்ணு கேட்டான்" என்றார் டீச்சர். "நெருப்பு டார்ச் நுனியில வருது, நீங்க ஏன் டீச்சர் எப்பவும் அந்தக் கோடியில இருக்கிற கிளாம்ப்பையே முதல்ல பாக்குறீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போற கரண்ட் திரும்பி வர வழி இருந்தாத்தான் கிளம்பும்னு சொன்னேன்."

சடையப்பன் பெடலைக் காலால் நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"கரண்டுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு."

டீச்சர் கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கு சனிக்கிழமை. காலையில நான் வர்றேன்" என்றார்.

அரியமங்கலத்தில் அந்தப் பட்டறை தகரக் கொட்டகைதான். டீச்சர் வந்தபோது சடையப்பன் வாசலைத் தெளித்துவிட்டு நின்றிருந்தார். உள்ளே எல்லாம் துடைத்திருந்தது. ஆர்கான் சிலிண்டர், மெஷின், வேலை மேசை, டார்ச் ஒயர், எதிலும் தூசி இல்லை. பூஜையன்று குணாளன் வைத்த பொட்டுகள் மெஷினிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் துடைக்கப்பட்டிருந்தன. துடைத்த இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

மேசைமேல் நாற்காலி கிடந்தது. முதுகு இல்லை. இரண்டு கால்தான். பத்தவைத்த இடங்களில் வெல்டிங் சின்னச் சின்ன அலைகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஒரே அளவில் படிந்திருந்தது. டீச்சர் அதை விரலால் தடவினார். இந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

பிறகு ஒயரைத் தொடர்ந்து மேசையின் கோடிக்குப் போய்க் குனிந்தார்.

எர்த் கிளாம்ப் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. தாடையின் நுனி மட்டும், உதட்டால் கவ்வுவதுபோல, லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. முழுவதும் கடித்துவிடாமல் இருக்கப் பின்புறம் ஒரு மரச்சக்கை செருகியிருந்தது. தாடைக்கு உள்ளே, செம்பின்மேல், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சந்தனப் பொட்டுகள் காய்ந்து வெடித்திருந்தன. நடுவில் குங்குமம் கறுத்திருந்தது. கீழ்ப் பொட்டில் ஒரு விரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

டீச்சர் நிமிர்ந்தார்.

கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து வேறொரு எர்த் ஒயரை எடுத்தார். மெஷினிலிருந்து பழையதைக் கழற்றிவிட்டு இதைச் செருகி முறுக்கினார். மேசையின் விளிம்பைக் கம்பிப் பிரஷால் நான்கு இழுப்பு இழுத்தார். புதிய கிளாம்ப்பை அகலத் திறந்து, நறுக்கென்று கடிக்க விட்டார். மேசையிலிருந்து இரண்டு வெட்டுத் துண்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அழுத்துங்க" என்றார்.

சடையப்பன் ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டார். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். காற்று சீறியது. அடுத்த கணம் வெள்ளை நெருப்பு சத்தமில்லாமல் நின்றது. அலையவில்லை. அணையவில்லை. இரும்பு சின்னக் குளமாக உருகிக் கூடியது.

அவர் கை எடுத்தார். ஹெல்மெட்டைத் தூக்க நேரமாயிற்று.

"தெரியும் டீச்சர்" என்றார் உள்ளிருந்தே.

"உம்."

"முதல் நாளே தெரியும்."

"உம்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"மத்ததையெல்லாம் துடைச்சிட்டேன். இதுக்கிட்ட வரும்போது கை வரலை."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எல்லாத்துக்கும் வெளியிலதான் பொட்டு வச்சான்" என்றார் சடையப்பன். "இதை மட்டும் வாயைத் திறந்து உள்ள வச்சான். என்னடா இதுன்னு கேட்டேன். அப்பா, இது முதலை, வருஷம் பூரா இரும்பையே கடிச்சிட்டிருக்கு, இன்னைக்கு ஒருநாள் சந்தனம் சாப்பிடட்டும்ன்னான். அவங்கம்மா திட்டினா. சாமி காரியத்துல விளையாடாதேன்னா. இவன் அந்தக் கிளாம்ப்பை எடுத்து அவ மூக்குக்கிட்ட கொண்டுபோய், பசிக்குது பசிக்குதுன்னான். அவ சிரிச்சிட்டா."

வெளியே ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது.

"அவ சிரிச்சதும் அதுதான் கடைசி" என்றார்.

கழற்றிய ஒயர் தரையில் கிடந்தது. அவர் குனிந்து அதன் நுனியில் இருந்த கிளாம்ப்பை மேசை விளிம்பிலிருந்து இரண்டு கைகளாலும் எடுத்தார். மரச்சக்கையை மெதுவாக உருவினார். தாடை மூடிவிடாமல் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டார்.

"நான் கொண்டுவந்த ஒயரை வச்சுக்குங்க அண்ணே" என்றார் டீச்சர். "அது போதும். வேலை நடக்கும். இதைப் பத்திரமா எடுத்து வைங்க."

சடையப்பன் சுற்றிலும் பார்த்தார். சாமி படத்தின் கீழே ஒரு பலகை இருந்தது. கிளாம்ப்பை அங்கே கொண்டுபோய் வைத்தார். அது வாய் திறந்தபடி இருக்க அதே மரச்சக்கையைச் செருகினார்.

திரும்பி வந்து நாற்காலியின் மூன்றாவது காலை எடுத்துப் பொருத்தினார். மட்டம் பார்த்தார். ஹெல்மெட்டை இறக்கினார். ஒரு புள்ளி பத்தவைத்தார். நன்றாகவே விழுந்தது. சுற்றி வந்து இரண்டாவது புள்ளி வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

ஹெல்மெட்டைத் தூக்கினார். பலகையைப் பார்த்தார்.

"பசியோட உட்கார்ந்திருக்கு டீச்சர்" என்றார்.

டீச்சரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழு மாசமா நான்தான் சக்கையைக் கொடுத்து வாயை அடைச்சு வச்சிருக்கேன்."

அவர் போய் அதை எடுத்து வந்தார். டீச்சருக்கு எதிரே தரையில் குந்தினார். கம்பிப் பிரஷ் அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கீழ்த் தாடையில் இருந்த ரேகையைத் தொடாமல், அரிசி அளவு இடைவெளியில், தன் விரலை அதன்மேல் நிறுத்திப் பார்த்தார்.

"பிள்ளை இன்னும் வளரும். அதை நிறுத்தச் சொல்ல முடியாது" என்றார், தனக்குள் பேசுவதுபோல.

"முடியாது."

"இந்த மெஷின்ல, இந்த ஒயர்லதான் அவன் அந்த ரெண்டு காலையும் பத்தவச்சான். மீதி ரெண்டும் இதுலயே ஆனா நல்லாயிருக்கும்."

"ஆமா."

"ஆனா பூஜையில வச்ச சந்தனம் டீச்சர். அதைத் துடைக்கலாமா?"

"மறுநாள் காலையில எல்லாரும் துடைச்சிட்டுத்தானே வேலையைத் தொடங்குவாங்க?"

"மறுநாள்தான் வரவே இல்லையே டீச்சர்" என்றார் சடையப்பன். "விஜயதசமி அன்னைக்கு அவன் காய்ச்சல்ல கிடந்தான். யாரும் எதையும் எடுக்கலை. எங்களுக்கு அந்த மறுநாள் வரவே இல்லை."

டீச்சர் ஸ்டூலை விட்டு இறங்கினார். தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பிப் பிரஷை எடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, தன் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னைக்குத்தான் அண்ணே மறுநாள்" என்றார்.